கிராணி எழுதிய பெயர்: தோட்டக் குடும்பங்களின் வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த அண்ணன் தம்பி மூவரின் ஐசியை (அடையாள அட்டையை) வரிசையாக வைத்துப் பார்த்தால், அப்பா பெயர் மூன்று விதமாக இருப்பது அதிசயமில்லை. ஏழுமலை என்பது ஒன்றில் 'இ'யில் தொடங்கும், இன்னொன்றில் 'ஒய்'யில்; மூன்றாவதில் 'மலை' தனிச்சொல்லாகப் பிரிந்து நிற்கும். இவற்றில் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், யாழ்ப்பாணத்தாரோ மலையாளியோ, காதில் விழுந்ததை எழுதினார். பெயருக்கு உரியவருக்கு அதைப் படித்துச் சரிபார்க்கப் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாது.

ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் பாதி ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஓசைக்கும் ஆங்கிலத்தில் என்னென்ன எழுத்து வரக்கூடும் என்று பிரியுங்கள். கருப்பையாவை எடுத்துக்கொள்வோம். தொடக்கம் கே அல்லது சி. நடுவில் ஒரு பி அல்லது இரண்டு. முடிவு ஐ-ஏ, ஐ-ஏ-எச், ஏ-ஒய்-ஏ. இதிலேயே 12 வடிவங்கள். 'ரு'வின் 'யு' விழுந்துபோனால் 24. முதலெழுத்து மாறுவதுதான் பெரிய ஆபத்து; பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருந்தால் பெயர் வேறு பக்கத்துக்கே போய்விடும். வீரசாமிக்கு டபிள்யூவையும், சின்னப்பனுக்கு எஸ், சி-எச் இரண்டையும் பாருங்கள். ழகரத்துக்கு இசட்-எச் மட்டும் போட்டுத் தேடாதீர்கள். பழைய தாள்களில் பெரும்பாலும் எல்தான்.

குறிப்பெடுக்கும்போது எழுத்தைத் திருத்தவே கூடாது. தாளில் உள்ளபடி, இடைவெளி உட்பட, அப்படியே இறக்குங்கள். பக்கத்தில் வயது, தோட்டம், ஆண்டு. 'ராம சாமி' என்று பிரிந்திருப்பதைப் பார்த்து, சாமியின் மகன் ராமன் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

அடுத்து, ஏ/எல் அல்லது ஏ/பி-க்குப் (மலாயில் 'மகன்', 'மகள்' என்பதன் சுருக்கம்) பின்னால் வருவதைக் குடும்பப் பெயராக நினைப்பது. அது அப்பா பெயர்; அடுத்த தலைமுறையில் மாறிவிடும். (பழைய தாளில் அந்த இடத்தில் அதே பொருளில் ஆங்கில எஸ்/ஓ, டி/ஓ இருக்கும்.) வம்சாவளிச் செயலியில் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் அதைப் போட்டால், ஊரிலுள்ள ராமசாமி பிள்ளைகள் எல்லாரும் பங்காளிகள் ஆகிவிடுவார்கள்! அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் இன்னொரு வலை இருக்கிறது: கருப்பன் மகன் முனியாண்டி, முனியாண்டி மகன் கருப்பன், மறுபடி கருப்பன் மகன் முனியாண்டி. முதல் ஆளும் மூன்றாம் ஆளும் தாளில் ஒருவரே போலத் தெரிவார்கள். வயதும் மனைவி பெயரும்தான் பிரித்துக் காட்டும்.

அந்த வயதையும் முழுக்க நம்ப முடியாது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார்கள் சுடப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, அதே ஆண்டு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் கப்பலேறி வந்தவர்கள் உத்தேசமாகச் சொன்ன வயதுதான் பதிவானது. ஐந்தாறு ஆண்டு முன்பின் வைத்துத் தேடுங்கள்.

ஊர்ப் பெயரிலும் இடறுவார்கள். 1930களின் தாளில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் இன்றைய வேலூரை மட்டும் பார்த்தால் போதாது; ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களும் அதற்குள் அடக்கம். இங்கேயும் அப்படித்தான்: தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது, போர்ட் சுவெட்டன்ஹம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது.

பதிவுத் துறையில் அப்பா பெயரை ஒரே மாதிரி திருத்திவிட்டு அப்புறம் தேடலாம் என்று கிளம்புகிறவர்கள், தங்கள் தடயத்தைத் தாங்களே அழிக்கிறார்கள். திருத்தம் தேவையென்றால் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் பழைய பத்திரம் ஒவ்வொன்றையும், பின்பக்கத்தோடு, படமெடுத்து வையுங்கள்.

ஆங்கிலத் தாள்களிலேயே முட்டிக்கொண்டு தமிழ்த் தாள்களை மறப்பதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நன்கொடைக் கல், கல்லறை எழுத்து இவற்றில் ஏழுமலை ஏழுமலையாகவே இருப்பார். பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தாய்மாமன், சித்தப்பா, அவரவர் தோட்டம் எல்லாம் வரிசையாக இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். பாட்டியின் தகரப் பெட்டியில் இரண்டு மூன்றாவது கிடக்கும்.