கடும் குளிரில் மட்டும் ஆயில் இறங்காத ஸ்னோமொபைல்

ஒன்டாரியோவின் சட்பரி பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கினேன். இதில் ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாக எஞ்சினுக்குப் போய், பெட்ரோலோடு சேர்ந்து எரியும். ஆயில் டேங்கில் பாதி ஆயில் இருந்தது. மேலே புதிய சிந்தெடிக் ஆயில் சேர்த்தேன். அதன்பின் கடும் குளிரில் புகை குறைந்தது, எவ்வளவு ஓடியும் ஆயில் மட்டம் இறங்கவில்லை. டேங்க் நிறைந்திருப்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியாது. ஆயில் போகாமல் பிஸ்டன் இறுகிவிடும் என்று வண்டியை நிறுத்திவிட்டேன்.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன். ஆயில் பம்ப் கேபிளின் குறிகள் சரியாகவே இருந்தன. பம்பையும் கழற்றிப் பார்த்தாயிற்று. கராஜின் சூட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியதால்தான் நாட்கள் வீணாயின.

அப்புறம் விற்றவர் தந்த மீதி கேனிலிருந்து பழைய ஆயில், புதியது, இரண்டின் கலவை என மூன்று பாட்டில்களை இரவு முழுக்க வெளியே வைத்தேன். மைனஸ் 30. காலையில் முதல் இரண்டும் வழிந்தன. கலவை மட்டும் கூழாக நின்றது. பழையது டிசி-டபிள்யூ3, அதாவது படகு எஞ்சினுக்கான, எரிந்தால் சாம்பல் விடாத ஆயில். புதியது ஏபிஐ டிசி, அதாவது காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான தரம். இரண்டின் சேர்க்கைப் பொருள்களும் ஒத்துப்போகவில்லை.

டேங்கை முழுதாக வடித்து, குழாய்களை மாற்றினேன். டேங்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள சின்ன ஃபில்டரையும் மாற்றுங்கள். சூட்டில் கூழ் இளகிவிடுவதால் அது சுத்தமாகவே தெரியும். ஒரே ஆயிலை நிரப்பி, பம்பின் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன். பாதுகாப்புக்காக முதல் டேங்க் பெட்ரோலிலும் 50 பங்குக்கு ஒரு பங்கு ஆயில் கலந்தேன். நிம்மதி, இப்போது மட்டம் ஒழுங்காக இறங்குகிறது.