ஊருக்கு இளைத்தவன் கிராம சேவகர்: புயல் முடிந்ததும் பழி எங்கே போகிறது என்று பின்தொடர்வது எப்படி

மழை விட்டு மூன்றாம் நாள் எங்கள் மலையகத் தோட்டத்துக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். எந்தக் கட்சி, என்ன பதவி என்பதெல்லாம் வேண்டாம், யார் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பாதை உடைந்த இடத்தில் வாகனத்தை விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து, பாடசாலையில் தங்கியிருந்த சனத்திடம் வந்தார். ‘ஏங்க ஐயா எங்களுக்கு முன்னமே சொல்லல’ என்று நாலு பேர் கேட்டதும், சட்டென்று திரும்பி, அரசாங்கத்தின் ஆகக் கீழ்ப்படி அதிகாரியான கிராம சேவகரைப் பார்த்து ‘ஏன் இவங்களுக்குச் சொல்லல?’ என்றார். எங்கள் கேள்வி அவர் வாயால் இன்னொருவர் தலைக்குப் போய்விட்டது. நாங்களும் கிராம சேவகரைத்தான் திட்டினோம், நானும்தான். பிறகுதான் தெரிந்தது, அவருக்கே தகவல் வந்தது இரவு பத்தரைக்கு, அதுவும் வாட்ஸ்அப்பில், அதுவும் தமிழில் இல்லை. டவர் விழுந்த பிறகு அந்த மனிதன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் நடந்து போய்ச் சொல்லியிருந்தால்தான் உண்டு.

எய்தவன் இருக்க அம்பை நோவது நமக்குப் பழகிப்போன வேலை. அடுத்த தடவை அப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை மழை பெய்யும்போதே தொடங்குகிறது, பெரிய மனிதர் வந்த பிறகு அல்ல. ஒரு கொப்பி எடுத்து நேரத்தோடு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார், எந்த லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் மண் வெடித்தது, கரண்ட் எப்போது போனது, சிக்னல் எப்போது போனது. போனுக்கு வரும் எச்சரிக்கையை நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள், உங்கள் போன் மண்ணுக்குள் போனாலும் படம் அங்கே இருக்கும். மழையையும் நீங்களே அளக்கலாம். அடி தட்டையாக, பக்கம் நேராக இருக்கிற பழைய பால்மா டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய தண்ணீரின் உயரத்தை ஸ்கூல் அடிமட்டத்தால் பார்த்தால் அதுதான் மில்லிமீட்டர் கணக்கு. மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற அளவு 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று சொல்வது இந்தப் படிகளைத்தான். உங்கள் டின்னில் நள்ளிரவே 150 தாண்டி, சிவப்பு அறிவிப்பு காலையில் வந்திருந்தால், அந்த இடைவெளி உங்கள் கொப்பியில் உங்கள் கையெழுத்தில் இருக்கும். (டின் நிறைந்தால் அளந்து எழுதிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவர் முதலில் ஊற்றிவிட்டார்.)

அடுத்து, பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள், குறிப்பாக வினைச்சொல்லை. ‘தவறு நடந்திருக்கிறது’ என்றால் அதில் செய்தவன் இல்லை. ‘அதிகாரிகள் மட்டத்தில் தாமதம்’ என்றால் மட்டம்தான் இருக்கிறது, ஆள் இல்லை. ‘யாரும் எதிர்பார்க்கவில்லை’ என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான வசனம். 2005 ஆகஸ்ட் 28ஆம் திகதி, கட்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸ் பக்கம் கரை தட்டுவதற்கு முதல் நாள், அமெரிக்காவின் புயல் மையப் பணிப்பாளர் காணொளிக் கூட்டத்தில் ஜனாதிபதி புஷ்ஷுக்கே நேராகச் சொன்னார், வெள்ளத் தடுப்பு அணைகளுக்கு மேலால் தண்ணீர் வரக்கூடும் என்று. செப்டம்பர் 1ஆம் திகதி புஷ் தொலைக்காட்சியில், அணை உடையும் என்று யாரும் எதிர்பார்த்ததாகத் தான் நினைக்கவில்லை என்றார். மறுநாள் அவசரகால நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் பிரவுனை எல்லார் முன்னாலும் மெச்சினார், 12ஆம் திகதி பிரவுன் வேலையை விட்டுப் போனார். மறுநாள்தான் மத்திய அரசின் தவறுகளுக்குப் பொறுப்பேற்பதாக புஷ் சொன்னார். அந்தக் கூட்டத்தின் காணொளி 2006 மார்ச்சில் வெளியே வந்தபோது, தண்ணீர் மேலால் வருவது வேறு, அணை உடைவது வேறு என்று புஷ் தரப்பில் வாதாடினார்கள். பிரவுன் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அரபிக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் இருந்தவர் அவர். ஆனால் அப்படிப்பட்டவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? கீழே இருப்பவன் உண்மையிலேயே பிழை விட்டிருந்தாலும் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இனி, பொறுப்பு எங்கே இருக்கிறது என்று தாளில் பாருங்கள். இலங்கையில் இதற்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. அதன்படி அனர்த்த முகாமைத்துவத் தேசிய சபையின் தலைவர் ஜனாதிபதி, உபதலைவர் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவரும் உறுப்பினர். ஆகவே எந்தக் கட்சிக்காரர் வந்து ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லை’ என்றாலும், சொல்ல வேண்டிய கூட்டத்தில் உங்கள் ஆளுக்கும் ஒரு கதிரை இருந்ததே என்று கேட்கலாம்.

தோட்டத்தில் இது இன்னும் சிக்கல். காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நடத்துவது கம்பனி, லயத்தில் இருப்பது நாம். கம்பனியைக் கேட்டால் அரசாங்கம் என்பார்கள், அரசாங்கத்தைக் கேட்டால் துரையைப் (தோட்ட முகாமையாளரை) பார் என்பார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை தோட்டத்துக்குள் செலவழிக்கப் பிரதேச சபைக்குச் சட்டத்திலேயே தடை இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதே, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ‘போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை’ என்ற பேச்சு அப்போதும் கேட்டது. எங்கே போவது? பத்து பேர்ச் காணியைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் சொல்லுங்கள். கீழே கைகாட்டுவதில் ஆகக் கடைசிப் படி இதுதான், அதிகாரியும் முடிந்து கிராம சேவகரும் முடிந்து, செத்தவன் மேலேயே பழியைப் போடுவது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி எல்லாம் சரிந்து கிடந்தபோது இந்தப் பேச்சு உங்கள் பக்கமும் கேட்டிருக்கும்.

சரி, தாளை எப்படி எடுப்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். பிரதேச செயலகத்திலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் 48 மணித்தியாலம்தான், இன்னும் விரிந்துகொண்டிருக்கிற வெடிப்புக்குக் கீழே ஆட்கள் இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏன் எங்களைக் காப்பாற்றவில்லை’ என்று எழுதினால் அனுதாபக் கடிதம்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: ‘எங்கள் பிரிவுக்கான மண்சரிவு எச்சரிக்கை உங்கள் அலுவலகத்துக்கு வந்த திகதி, நேரம், எந்த மொழியில் வந்தது, அதை யாருக்கு எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், அதன் பிரதிகள்.’ ‘கடந்த மூன்று வருடங்களில் இந்தப் பிரிவின் அனர்த்தத் தயார்நிலைக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை.’ ‘கிராம சேவகருக்கு இதற்காக வழங்கிய வாகனம், ஒலிபெருக்கி, எரிபொருள் விபரம்.’ மூன்றாவதுக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், அந்த ‘இல்லை’தான் நமக்கு வேண்டியது. இதே கேள்வியை ஒரு படி மேலே கச்சேரிக்கும், அதற்கு மேலே அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அனுப்பி, நேரங்களை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எந்த மேசையில் ஆறு மணித்தியாலம் தூங்கியது என்று தானாகத் தெரியும். அது கிராம சேவகரின் மேசையாகவே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும், நம்ம ஊர் ஆள் என்று விடக்கூடாது.

பதில் தர மறுத்தால் 14 நாளுக்குள் அதே இடத்தில் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. அப்புறம் ஒன்று, தோட்டத் தலைவர் ‘நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்’ என்று வாங்கிக்கொண்டால் கடிதம் அவர் சட்டைப்பையிலேயே நனையும். நீங்களே இரண்டு பேராகப் போங்கள், இரண்டு பிரதி கொண்டு போங்கள், ஒன்றில் திகதி முத்திரையோடு கையெழுத்து வாங்கும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். அந்தப் பிரதியை லயத்தில் வைக்க வேண்டாம், டவுனில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.