வால் கனத்தை ஜைரோ தூக்காது

போன வாரம் கோத்தகிரிச் சரிவுக்கு ஒரு தம்பி புது மாடல் விமானத்தோடு வந்தான். மூக்கில் இடமில்லை என்று பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். "வால் கனமா இருக்கேப்பா" என்றேன். "ஜைரோ இருக்குங்ண்ணா, அது பார்த்துக்கும்" என்றான். ஜைரோ என்றால் விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானே திருத்தும் சிறு கருவி. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். சார்ஜ் போட மறப்பது, ஸ்க்ரூ முடுக்காமல் விடுவது எல்லாம் ஒரு தடவை விழுந்தால் திருந்திவிடும். இது அப்படியல்ல.

வால் கனத்தை ஜைரோவிடம் விடுவது

எடைமையம் சரியாக இருந்தால், காற்று மூக்கைத் தூக்கினாலும் விமானம் தானே பழைய நிலைக்கு வரும். எடைமையம் பின்னால் போகப் போக அந்தக் குணம் தேயும். ஸ்டிக்கைக் கேபிளால் வாலோடு இணைத்த நிஜ விமானத்தில் விமானியின் கைக்கே இது தெரிந்துவிடும். ஸ்டிக் லேசாகி, சும்மா தொட்டாலே மூக்கு எகிறும். நம் ரிமோட் ஸ்டிக்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங். அதன் கனம் எப்போதும் ஒன்றுதான். மிச்சமிருக்கும் ஒரே எச்சரிக்கை விமானத்தின் துள்ளல். ஜைரோ அதையும் மறைத்துவிடும்.

நாலு மாதம் ராத்திரி ராத்திரியாக பால்சா மரத்தில் செய்த விமானம் என்னுடையது. ஏழு நிமிடம் வழுக்கிக்கொண்டு பறந்தது. இறக்குவதற்கு வேகத்தைக் குறைத்தேன். வேகம் பாதியானால் எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) பலம் கால்வாசிதான். ஜைரோ அதை ஏற்கெனவே முழு எல்லைக்கும் கீழே தள்ளியிருந்தது; நான் ஸ்டிக்கை முழுக்க முன்னால் கொடுத்தபோது அசைய இடமே இல்லை. மூக்கு மேலே நட்டுக்கொண்டது, ஸ்டால் ஆனது (இறக்கை தூக்குவிசையை இழந்தது), தேயிலைச் செடிக்குள் விழுந்து இறக்கை இரண்டாகப் பிளந்தது. இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

"தேஜஸ் போர் விமானமும் நிலைத்தன்மை இல்லாமத்தானேங்ண்ணா பறக்குது?" என்று தம்பி கேட்டான். உண்மைதான். 2001-இல் முதல்முறை பறந்ததிலிருந்தே அப்படித்தான். ஆனால் அதை ஒன்று போனால் இன்னொன்று என்று நான்கு தடம் உள்ள கணினி தாங்குகிறது, எலிவான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) முதல் அதை அசைக்கும் ஹைட்ராலிக் வரை அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது. நம்மிடம் இருப்பது ஒரு சில்லும் மடலை அசைக்கும் 9 கிராம் செர்வோ மோட்டாரும்.

முதல் பறப்பு ஜைரோவை அணைத்துத்தான். நல்ல உயரத்தில், ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி ட்ரிம் செய்து, லேசாக டைவ் கொடுத்து ஸ்டிக்கை விடுங்கள். மெதுவாக நிமிர்ந்தால் சரி. இன்னும் செங்குத்தாகக் குனிந்தால் உடனே இறக்கி, பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்.

ஒரே கெயினில் எல்லா வேகமும்

கெயின் என்பது ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு. மெதுவாகப் பறக்கையில் பொருந்திய கெயின், டைவில் வாலைப் படபடக்க வைக்கும். குறைவாகத் தொடங்குங்கள்.

உயரத்தை மறப்பது

ஊட்டி 2,240 மீட்டர். காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. சமவெளியில் இறக்கிய வேகத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட வையுங்கள்.

ஜைரோவின் திசை

கையால் மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும். மேலே ஏறினால் பறக்கவிடாதீர்கள்.