டீசல் லொறியில் இன்ஜெக்டர் பழுதானால் என்ன செய்வது

லொறி ஐடிலில் நிற்கும்போது ஒரு கால் நொண்டுவதுபோல ஆடுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, பாரம் ஏற்றினால் கறுப்புப் புகை, எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் சந்தேகம் கொள்ளலாம். கழற்றுவதற்கு முன் டிப் ஸ்டிக்கை இழுத்து ஒயிலை மணந்து பாருங்கள். மட்டம் ஏறி டீசல் மணம் வந்தால், ஒழுகும் நொசிலில் (இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனை) இருந்து டீசல் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கியிருக்கலாம். அந்த ஒயிலோடு வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்குப் போனால் பெயரிங்கும் சேர்ந்து போய்விடும். ஒயிலை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம்.

எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய லொறிகளில் சுலபம். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, இன்ஜெக்டர் தலையில் உள்ள பைப் நட்டைத் துணியால் சுற்றி அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 அல்லது 19 மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்தும். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் உடனே தடுமாறும். சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை. அதற்காக இன்ஜெக்டர்தான் பழுது என்று முடிவு கட்ட ஏலாது. அதைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். நொண்டலும் கூடவே போனால் இன்ஜெக்டர். பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, கொம்பிரசன் அல்லது பம்ப்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் இருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சினில் நட்டைத் தளர்த்தும் இந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். ரெயிலில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். ஊசிமுனை அளவு டீசல் தோலுக்குள் போனால் காயம் சிறிதாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் வெட்டிக் கழுவாவிட்டால் கையே போகலாம். அங்கே இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டேர்ன் குழாய்களைக் கழற்றி, ஒரே அளவுப் போத்தல்களில் விட்டு ஐடிலில் ஓட்டுங்கள். எந்தப் போத்தல் மற்றவற்றைவிட மிக வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. புதியது போட்டால், அதன் மேல் அச்சிட்ட கோட் இலக்கத்தை ஸ்கேனரால் பதிய வேண்டும். கோட் கேட்கும் எஞ்சினில் அதைப் பதியாமல் விட்டால் புது இன்ஜெக்டரும் நொண்டும்.

கழற்றும்போது தூசிதான் முதல் எதிரி. சுற்றிலும் டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, காற்றடித்த பின்தான் ஸ்பனர் வைக்க வேண்டும். கழற்றிய பைப் வாய்களை உடனே மூடுங்கள். கரி பிடித்து இறுகியிருந்தால் தலையைப் பிடித்து முறுக்காதீர்கள். கறல் கழற்றும் ஒயில் ஊற்றி ஊறவிட்டு, இழுக்கும் கருவியால் எடுங்கள். பழைய செப்பு வாசர் அநேகமாகக் குழியின் அடியிலேயே ஒட்டிக்கிடக்கும். ரோர்ச் அடித்துப் பாருங்கள். அதற்கு மேல் புது வாசர் போட்டால் நொசில் முனை உயர்ந்து, எரிதலும் ஸ்பிரே படும் இடமும் கெடும்.

பம்ப் கடையில் நொசிலை அழுத்தம் பார்க்கும் ரெஸ்ரரில் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக்கல் நொசில் பல எஞ்சின்களில் 180 முதல் 250 பாருக்குள் திறக்கும். உங்கள் எஞ்சினின் சரியான எண் புத்தகத்தில் இருக்கும். அந்த எண்ணுக்கு 20 பார் குறைவாகப் பிடித்து 10 செக்கன் வைத்தால் முனையில் ஒரு துளியும் தொங்கக்கூடாது. ஸ்பிரே பனிப்புகை போல விரிய வேண்டும், நூல் போல நீளக்கூடாது. அதன் முன் கை நீட்டாதீர்கள்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். நொசிலுக்குள் இருக்கும் ஊசியைச் சுத்தமான டீசலில் நனைத்து, நொசில் உடலை நிமிர்த்திப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துவிடுங்கள். தன் பாரத்திலேயே மெதுவாக வழுக்கி அடியில் இருக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த நொசில் முடிந்தது. இடைவெளி சில மைக்ரோன்தான் என்பதால், ஒரு நொசிலின் ஊசியை இன்னொன்றில் போடவே கூடாது. கரியைப் பித்தளைப் பிரஷால் எடுங்கள். இரும்புப் பிரஷ் துளைகளைக் கெடுக்கும். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றவையும் அதே கிலோமீற்றர் ஓடியவைதான், ஆகவே செற்றாக மாற்றுவதே நல்லது.

பூட்டும்போது புது வாசர். இன்ஜெக்டரைப் பிடிக்கும் இரு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். ஓரப்பட்டால் நொசில் நெளிந்து ஊசி சிக்கும். பிறகு காற்றெடுக்க வேண்டும்: கை பம்பை அடித்து பில்ற்றரில் உள்ள காற்றெடுக்கும் ஆணியில் குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள். மெக்கானிக்கல் எஞ்சினில் பைப் நட்டுகளைத் தளர்த்தி, 10 செக்கன் வீதம் ஸ்டார்ட்டர் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

இன்ஜெக்டரைக் கொன்றது எது என்பதையும் பார்க்க வேண்டும். அது தெரியாமல் பூட்டினால் புதியதும் அதே வழியில் போகும். பில்ற்றருக்குக் கீழே உள்ள நீர்க் கிண்ணத்தைத் திறந்து போத்தலில் பிடியுங்கள். அடியில் தண்ணீரோ பழுப்புக் கறலோ தெரிந்தால் குற்றம் தாங்கியில். 2022 இலங்கை எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் பரலிலும் கானிலும் சேர்த்த டீசல் பல தாங்கிகளுக்குத் தண்ணீரைக் கொண்டுபோயிருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்தால் ஊசிக்கு வழுவழுப்புக் குறைந்து உரசிக்கீறும். தாங்கியை இறக்கிக் கழுவி, பில்ற்றரை மாற்றிய பிறகே புது நொசிலைப் பூட்டுங்கள். உப்புக் காற்று வீசும் கரையோரத்தில் லொறியை இரவில் நிறுத்துபவர்கள் மாலையிலேயே தாங்கியை நிரப்பி விடுங்கள். வெறும் தாங்கியின் மேற்சுவரில்தான் விடியற்காலையில் தண்ணீர் வியர்த்து இறங்குகிறது.