வீட்டில் எலி வளர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எலி வளர்க்கப் போகிறேன் என்றால் பலரும் முகம் சுளிப்பார்கள். அவர்கள் நினைப்பது சாக்கடை எலியை. வளர்ப்பு எலியும் அதே பழுப்பு எலி இனம்தான். ஆனால் பல தலைமுறைகளாக மனிதர் கையிலேயே பிறந்து வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விக்டோரியா ராணியின் எலிபிடிப்பவர் என்று பெயர் பெற்ற ஜாக் பிளாக், வித்தியாசமான நிறமுள்ள எலிகளைக் கொல்லாமல் வைத்து வளர்த்து விற்றார். 1901இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எய்ல்ஸ்பரியில் நடந்த கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து இது ஒரு முழுமையான வளர்ப்புக் கலை.

எலிக்குத் துணை வேண்டும், சுத்தமான காற்று வேண்டும். இந்த இரண்டையும் சரியாகக் கொடுத்தால் மற்றது எல்லாம் எளிது. தொடங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டம் எலி வளர்ப்பை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், உதாரணமாக, வீட்டில் எலி வளர்க்கத் தடை இருக்கிறது. சிறு விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் யார் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

படி 1: இரண்டாக வாங்குங்கள்

ஒற்றை எலி வேண்டாம். நீங்கள் எவ்வளவு நேரம் கொஞ்சினாலும், இரவு முழுவதும் அதன் முதுகைக் கோதிவிட உங்களால் முடியாது. ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குவதும், மல்லுக்கட்டி விளையாடுவதும் எலிக்குச் சாப்பாடு போலவே அவசியம்.

இரண்டும் ஒரே பாலாக இருக்கட்டும். குட்டிகள் சுமார் ஐந்து வார வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள்தான். ஓர் ஈற்றில் எட்டு, பத்து குட்டிகள் சாதாரணம். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே பெண் எலி மறுபடியும் கர்ப்பமாகலாம். ஆணின் வாலடியில் விரைகள் பெரிதாகத் தெரியும் என்பதால் பிரித்தறிவது கடினமில்லை. பெண் எலிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண் எலிகள் பெரிதாக வளர்ந்து, மடியில் சோம்பலாகப் படுக்கும். மெதுவாகப் பழக விரும்புபவர்களுக்கு இரண்டு ஆண் குட்டிகளைத்தான் நான் சொல்வேன்.

வாங்கும்போது குட்டியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மூச்சில் கிளிக் கிளிக் என்ற சத்தமோ கரகரப்போ இருந்தால் அந்தக் கூட்டத்திலிருந்தே எதையும் எடுக்க வேண்டாம்.

படி 2: கூண்டு

எலி ஏறும், தொங்கும், தாவும். ஆகவே உயரமான கம்பிக் கூண்டு நல்லது. இரண்டு எலிக்கு 80 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரம் இருந்தால் தாராளமாக இருக்கும். குட்டிகளாக இருக்கும்போது கம்பி இடைவெளி 1.2 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். தரை கம்பியாக இருந்தால் பாதத்தில் புண் வரும், தட்டையான தரைதான் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் காற்றோட்டம் போதாது, அதைத் தவிருங்கள்.

உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, துணித் தொட்டில், தண்ணீர் பாட்டில் போதும். ஓடுசக்கரம் வைத்தால் குறைந்தது 30 செ.மீ. விட்டமும், இடைவெளி இல்லாத ஓடுதளமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வளையும், வால் சிக்கும்.

நேரடி வெயில் படாத, சத்தமில்லாத இடம் பாருங்கள். நமக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலிகளும் எலிக்குக் கேட்கும். சில மின்கருவிகள் நமக்கு அமைதியாக இருந்தாலும் அவற்றுக்கு இரைச்சலாக இருக்கலாம்.

படி 3: படுக்கையும் காற்றும்

இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் மூச்சுப்பாதையில் இருக்கிறது. சாதாரணமாக அடங்கிக் கிடக்கும் இது, காற்று கெட்டால் தலைதூக்கிவிடும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும் தூசியும் அதற்கு வழிவிடும் முதல் காரணங்கள்.

பைன், சீடர் மரச்சீவல்களில் உள்ள வாசனைப் பொருட்கள் நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கும். தூசியில்லாத காகிதத் துகளையோ, ஆஸ்பென் மரச்சீவலையோ போடுங்கள். நனைந்த இடத்தைத் தினமும் எடுங்கள், வாரம் ஒருமுறை முழுதாகக் கழுவுங்கள். கழுவிய பிறகு பழைய படுக்கையிலிருந்து சுத்தமான ஒரு பிடியை எடுத்துத் திரும்பப் போட்டுவிடுங்கள். தங்கள் வாசனை முழுக்கப் போய்விட்டால் எலிகள் எல்லா இடத்திலும் சிறுநீரால் மறுபடி முத்திரை போடத் தொடங்கும், நாற்றம்தான் கூடும்.

படி 4: சாப்பாடு

எலிகளுக்கென்றே தயாரித்த உருண்டைத் தீவனம் அடிப்படையாக இருக்கட்டும். பல தானியங்கள் கலந்த தீவனத்தில் பிடித்ததை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை விட்டுவிடும். வளர்ந்த எலிக்கு நாளைக்கு 15 முதல் 20 கிராம் போதும். கூடவே பச்சைக் காய்கறி, கீரை, எப்போதாவது கொஞ்சம் வேகவைத்த முட்டை.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் புது உணவைத் துளித்துளியாகக் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். வேகவைக்காத காய்ந்த பயறு, பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, வாயு அடைத்த பானம், தொண்டையில் ஒட்டும் பிசுபிசுப்பான பண்டம் எதுவும் கூடாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோலையும் தவிருங்கள். அதில் உள்ள லிமோனீன் அவற்றின் சிறுநீரகத்துக்குக் கேடு.

படி 5: பழக்குதல்

முதல் இரண்டு நாள் தொடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், அவ்வளவுதான். எலியின் பார்வை மங்கல். அது உங்களை வாசனையாலும் குரலாலும்தான் தெரிந்துகொள்கிறது. சிவந்த கண் உள்ள எலி தலையை இடமும் வலமும் ஆட்டினால் பயப்பட வேண்டாம், தூரத்தைக் கணிக்கத்தான் அப்படிச் செய்கிறது.

மூன்றாம் நாள் ஒரு கரண்டியில் கொஞ்சம் தயிரைத் தடவி நீட்டுங்கள். திடமான தீனியைப் பறித்துக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும். தயிரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, நின்று நக்கியே ஆகவேண்டும். அடுத்து உங்கள் விரலில், பிறகு உள்ளங்கையில். கம்பி வழியாக மட்டும் விரலை நீட்டாதீர்கள். கம்பிக்குள் வருவதெல்லாம் தீனி என்று கற்றுக்கொண்டால் விரலையும் கடித்துப் பார்க்கும்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றொரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி. வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்கக்கூடாது, வால் தோல் உரிந்து வந்துவிடும், அது மறுபடி வளராது.

கொஞ்சம் நெருங்கியதும் பிடரியில் விரலால் கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். யாக் பேங்க்செப் என்ற ஆய்வாளர் 1990களின் பிற்பகுதியில், இப்படிக் கிச்சுகிச்சு மூட்டும்போது எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவதைப் பதிவுசெய்தார். நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம், அவை ஒன்றோடொன்று விளையாடும்போதும் எழுகிறது. நமக்குக் கேட்காவிட்டாலும், கையை எடுத்ததும் அதைத் துரத்திக்கொண்டு வருவதிலிருந்து அதற்குப் பிடித்திருக்கிறது என்று புரியும். சுகமாக இருக்கும் எலி பற்களை மெல்ல நறநறக்கும், சில சமயம் கண் துள்ளுவது போல அசையும். முடியைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் கோபம், கையை எடுத்துவிடுங்கள்.

படி 6: தினமும் வெளியே

குறைந்தது ஒரு மணி நேரம், நீங்கள் கூடவே இருக்கும்போது. மாலையும் இரவும்தான் அவற்றின் உற்சாகமான நேரம். மின்கம்பிகளை மூடி வையுங்கள். முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்வதால் எதையாவது கடித்துத்தான் தீரும், அதற்கு மரத்துண்டு கொடுங்கள். எலி மருந்தோ பொறியோ வீட்டில் எங்கும் இருக்கக்கூடாது.

படி 7: உடல்நலம்

கண், மூக்கு ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். அது பார்ஃபிரின் என்ற நிறமி. மனஅழுத்தத்திலோ நோயிலோ அதிகமாகும், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், உடம்பைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். பெண் எலிகளுக்கு மார்பகக் கட்டி அதிகம் வரும், அக்குளிலிருந்து தொடை வரை எங்கும் வரலாம்.

எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலிக்கடிக் காய்ச்சல் அரிது, ஆனால் உண்டு. கடிபட்ட பின் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால், எலி வளர்ப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 8: புதியதைச் சேர்ப்பது

எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுதான். ஒன்று போனால் மற்றது தனியாகிவிடும், அப்போது குட்டிகளைக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒன்றாக இல்லாமல் இரண்டு குட்டிகளாகக் கொண்டுவந்தால், முதிய எலி ஓய்வெடுக்கும்போது அவை தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும். முதலில் புதியவற்றை இரண்டு வாரம் வேறு அறையில் வையுங்கள். அப்புறம் இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஒரு காலியான குளியல் தொட்டியில் என்று வையுங்களேன், பதினைந்து நிமிடம் சந்திக்க விடுங்கள். தள்ளுவதும், குப்புற அழுத்துவதும், கீச்சிடுவதும் சாதாரணம். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள், வெறுங்கையை நடுவில் விடாமல் தடித்த துணியைப் போட்டு. ஒரு வாரம் சண்டையில்லாமல் சந்தித்த பிறகு கூண்டை நன்றாகக் கழுவி, உள்ளே உள்ளதையெல்லாம் இடம் மாற்றிவைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுங்கள்.