இரண்டு ஆன்டிபாடிகள் கைகோக்கின்றனவா, முட்டிக்கொள்கின்றனவா: கொரோனா வைரஸில் சோதித்துப் பார்க்கும் முறை

கொரோனா வைரஸைத் தடுக்க இரண்டு மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை (ஒவ்வொன்றும் ஒரே ஒரு இலக்கில் ஒட்டும், ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புரதம்) சேர்த்துப் போட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். இரண்டின் பலமும் அப்படியே கூடும். கூட்டியதைவிட அதிகமாகக் கிடைக்கும், இதுதான் கூட்டு வலிமை. அல்லது ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும், இது முரண். எது நடக்கிறது என்று பார்க்க ஒரு 96 குழித் தட்டு போதும். தட்டைப் போடுவது கடினமில்லை. வரும் எண்ணைச் சரியாகப் படிப்பதுதான் கடினம். கூட்டு வலிமை என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிசகு என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே ஒட்டுகின்றன?

வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் மூன்று ஒரே மாதிரிச் சங்கிலிகள் சேர்ந்த ட்ரைமர். சார்ஸ்-கோவ்-2 வைரஸில் ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ 319 முதல் 541 வரையுள்ள அமினோ அமிலங்கள்தான் ஏற்பியைப் பிடிக்கும் பகுதி, அதாவது ஆர்பிடி. அது நிமிரும், படுக்கும். நிமிர்ந்திருக்கும்போதுதான் செல்லின் மேலுள்ள ஏற்பியான ஏசிஇ2 அதைப் பிடிக்க முடியும். ஆர்பிடியில் ஒட்டும் ஆன்டிபாடிகளை நான்கு வகுப்புகளாகப் பிரிப்பார்கள். முதல் வகுப்பு நிமிர்ந்த ஆர்பிடியில் மட்டும் ஒட்டி ஏசிஇ2-ஐ மறிக்கும். இரண்டாம் வகுப்பும் மறிக்கும், ஆனால் படுத்த நிலையிலும் ஒட்டும். மூன்றாம் வகுப்பு ஏசிஇ2 பிடிக்கும் இடத்துக்கு வெளியே, இரு நிலையிலும் ஒட்டும். நான்காம் வகுப்பின் இடம் உள்ளே மறைந்திருக்கும், நிமிர்ந்தால்தான் வெளியே தெரியும்.

இந்த வகைப்பாடு தெரிந்தாலே முடிவைப் பாதி ஊகிக்கலாம். முதல் வகுப்பு ஆன்டிபாடி ஆர்பிடியை நிமிர்ந்த நிலையிலேயே பிடித்து நிறுத்தினால் நான்காம் வகுப்புக்கு வாசல் திறக்கும். சி144 என்ற இரண்டாம் வகுப்பு ஆன்டிபாடி, படுத்திருக்கும் அடுத்தடுத்த ஆர்பிடிகளுக்குக் குறுக்கே பாலம் போட்டு அவற்றைப் பூட்டிவிடும். அதோடு நான்காம் வகுப்பு ஆன்டிபாடியைச் சேர்த்தால் அது ஒட்ட இடமில்லாமல் நிற்கும்.

இதை உறுதிசெய்யப் போட்டி எலைசா போடுங்கள், ஒரு ஆன்டிபாடி ஒட்டியபின் மற்றது ஒட்ட இடம் இருக்கிறதா என்று சிக்னலால் காட்டும் சோதனை அது. தனி ஆர்பிடியை மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. தனி ஆர்பிடியில் மறைந்த இடம் எதுவும் இல்லை, அதனால் ட்ரைமரில் மோதும் ஜோடிகூட அங்கே சமாதானமாக ஒட்டும். நிலைப்படுத்திய முழு ட்ரைமரையும் இன்னொரு தட்டில் வையுங்கள். நேரடியாகத் தட்டில் பூசினால் ட்ரைமர் குலையக்கூடும், வால் பகுதியிலுள்ள டேக் வழியாகப் பிடித்து நிறுத்துவது நல்லது. முதல் ஆன்டிபாடியை மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் அளவில் 1 மணி நேரம் ஊறவிடுங்கள். கழுவாமல் அதன்மேல் பயோட்டின் என்ற அடையாள மூலக்கூறு இணைத்த இரண்டாவதைப் போடுங்கள். அதன் செறிவு, தனியாகப் போட்டால் உச்ச அளவில் பாதி சிக்னல் தருவதாக இருக்கட்டும். இரண்டாவதையே பயோட்டின் இல்லாமல் முதலாவதாகப் போட்ட குழியில் சிக்னல் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். தொடர்பில்லாத ஆன்டிபாடி போட்ட குழியில் இறங்கவே கூடாது. இந்த இரண்டு குழிகளும் சரியாக வராவிட்டால் மற்றவற்றைப் படிக்க வேண்டாம்.

கட்டத் தட்டு

ஸ்பைக் அணிந்த, செல்லில் நுழைந்தால் லூசிஃபரேஸ் என்ற ஒளி தரும் நொதியை உண்டாக்கும் சூடோவைரஸ் (பெருகாத போலி வைரஸ்) என்றால் பயோசேஃப்டி 2-ஆம் நிலை ஆய்வகத்திலேயே செய்யலாம். உயிருள்ள வைரஸுக்கு 3-ஆம் நிலை வேண்டும்.

முதல் நாள் வேலை, ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனி ஐசி50, அதாவது வைரஸைப் பாதி தடுக்கும் செறிவு, எடுப்பது. மி.லி.க்கு 10 மைக்ரோகிராமில் தொடங்கி, மூன்று மடங்காக நீர்த்து 10 புள்ளிகள். செறிவு கூடக் கூடத் தடை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற வளைவின் சாய்வையும் குறித்து வையுங்கள், பின்னால் அது முக்கியமாகும்.

கட்டத்துக்கு ஐசி50-இன் 0, ¼, ½, 1, 2, 4 மடங்கு என ஆறு செறிவுகள். ஒரு ஆன்டிபாடி குறுக்கே, மற்றது நெடுக்கே: ஆறுக்கு ஆறு, 36 குழிகள். தட்டின் ஓரக் குழிகள் சீக்கிரம் காயும், அங்கே எண்கள் கோணும். அவற்றில் வெறும் ஊடகம் 200 மைக்ரோலிட்டர் நிரப்பிவிட்டு, உள்ளே இருக்கும் 60 குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். 2 முதல் 7 வரையுள்ள நெடுவரிசைகளில் கட்டம், 8, 9-இல் வைரஸ் மட்டும், 10, 11-இல் செல் மட்டும். 9-இன் ஒளி 10-க்குக் கசிந்தால் 10-ஆம் வரிசை 11-ஐவிட உயரும். அப்போது 11-ஐ மட்டும் அடிமட்டமாக எடுங்கள்.

ஒவ்வொரு குழியிலும் ஆன்டிபாடி அ 25, ஆன்டிபாடி ஆ 25, வைரஸ் 50 மைக்ரோலிட்டர். மொத்தம் 100 என்பதால் ஆன்டிபாடிக் கரைசல்கள் நான்கு மடங்கு செறிவில் இருக்க வேண்டும். அ-வின் ஐசி50 மி.லி.க்கு 0.02 மைக்ரோகிராம் என்றால் மேல் செறிவு 0.08, அதற்கான கரைசல் 0.32. 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்தபின், ஏசிஇ2 ஏற்றிய 293டி என்ற மனிதச் செல்கள் 10,000-ஐ 100 மைக்ரோலிட்டரில் சேருங்கள். 48 மணி நேரம் கழித்து ஒளியை அளக்கலாம். வைரஸ் மட்டும் உள்ள குழி, செல் மட்டும் உள்ளதைவிடக் குறைந்தது 10 மடங்கு ஒளிராவிட்டால் தட்டைத் தள்ளிவிடுங்கள்.

தடை விழுக்காட்டுக்கு, எல்லாவற்றிலிருந்தும் செல் மட்டும் உள்ள அளவைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். வைரஸ் மட்டும் 2,00,000, செல் மட்டும் 1,000, சோதனைக் குழி 60,700 என்றால், 59,700-ஐ 1,99,000-ஆல் வகுக்க 0.30 வருகிறது. தடை 70%.

எண்ணைப் படிப்பது

இரண்டு கணக்குகள் வழக்கத்தில் உண்டு. பிளிஸ் முறை, இரண்டும் ஒன்றையொன்று சாராமல் வேலை செய்வதாகக் கொள்ளும்: அ 50%, ஆ 40% என்றால் எதிர்பார்ப்பு 90 அல்ல, 70%. ஏனென்றால் அ விட்டுவைத்த பாதியில்தான் ஆ வேலை செய்கிறது. லோவ் முறை, இரண்டும் ஒரே பொருளின் வெவ்வேறு நீர்த்தல்கள் போல எனக் கொள்ளும். ஒவ்வொன்றும் கூட்டில் எவ்வளவு தேவைப்பட்டது என்பதைத் தனியே தேவைப்பட்ட அளவால் வகுத்துக் கூட்டினால், 1-க்குக் கீழே கூட்டு வலிமை, மேலே முரண். 50% தடைக்கு அ தனியே 0.1, கூட்டில் 0.02, ஆ தனியே 0.2, கூட்டில் 0.06. 0.2-ம் 0.3-ம் சேர்ந்து 0.5. நல்ல ஜோடி.

இப்போது பிசகைப் பாருங்கள். ஒரே ஆன்டிபாடியை இரண்டு குழாய்களில் பிரித்து, ஒன்றை அ என்றும் மற்றதை ஆ என்றும் எழுதி, ஐசி50 செறிவில் சேருங்கள். பிளிஸ் எதிர்பார்ப்பு 75%. உண்மையில் குழியில் இருப்பது இரு மடங்கு ஐசி50. வளைவின் சாய்வு 1 என்றால் கிடைப்பது 67%, முரண் போலத் தெரியும். சாய்வு 2 என்றால் 80%, கூட்டு வலிமை போலத் தெரியும். தன்னோடு தானே கூட்டுச் சேர ஒரு ஆன்டிபாடியால் முடியாது, ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே இந்தப் போலிக் கூட்டுத் தட்டை அ-வுக்கும் ஆ-வுக்கும் தனித்தனியே கட்டாயம் போடுங்கள். அதில் தெரியும் மிகையைத் தாண்டி நிற்பதை மட்டுமே உண்மை என்று கொள்ளுங்கள். ஒரே இடத்துக்குப் போட்டியிடும் ஜோடிக்கு லோவ் பொருந்தும். வெவ்வேறு இடங்களில் ஒட்டுபவற்றுக்கு இரண்டையும் போட்டு, இரண்டும் ஒரே திசை காட்டினால் நம்பலாம்.

பிப்பெட் பிழையும் இதே வேடம் போடும். சாய்வு 2 உள்ள ஆன்டிபாடி 20% கூடுதலாக விழுந்தால் 50% தடை 59% ஆகிவிடும். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் டிப் மாற்றுங்கள். மூன்று தனி நாள்களில், ஒவ்வொரு முறையும் புதிதாக நீர்த்துச் செய்யுங்கள். ஒரே கரைசலை மூன்று தட்டில் ஊற்றுவது ஒரே பிழையை மூன்று முறை எழுதுவதுதான்.

செல்லின் தேர்வும் ஏமாற்றும். ஏசிஇ2 அளவுக்கு மீறி ஏற்றிய செல்களில், எஸ்309 என்ற ஆன்டிபாடி போல ஏசிஇ2-ஐ மறிக்காமல் தடுக்கும் ஆன்டிபாடிகள் பலவீனமாகத் தெரியும். வீரோ இ6 என்ற குரங்குச் செல்லிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்பைக்கின் என் முனைப் பகுதியில் ஒட்டும் சில ஆன்டிபாடிகள் எவ்வளவு ஊற்றினாலும் 100% தடைக்குப் போகாது. அவற்றுக்கு உச்சத்தையும் சேர்த்து வளைவு பொருத்தாவிட்டால் ஐசி50-ஏ தவறாகிவிடும்.

திரிபு மாறும்போது

கூட்டாகக் கொடுப்பதன் பெரிய பயன் வைரஸ் தப்புவதைத் தடுப்பதே. முதல் சார்ஸ் வைரஸில் சிஆர்3014 என்ற ஆன்டிபாடிக்குத் தப்பிய திரிபுகளை சிஆர்3022 என்ற இன்னொன்று தடுத்தது 2006-இலேயே காட்டப்பட்டது. ஆனால் ஒமிக்ரான் திரிபு, காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற மருந்து ஆன்டிபாடிகள் இரண்டின் இடங்களையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் 2020 நவம்பரில் அவசர அனுமதி பெற்ற அந்த ஜோடியின் பயன்பாடு 2022 ஜனவரியில் கட்டுப்படுத்தப்பட்டது. எனவே பழைய ஐசி50-ஐப் புதிய திரிபுக்குக் கொண்டுபோகக் கூடாது. புதிய திரிபில் அ-வின் ஐசி50 மி.லி.க்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் கட்டம் போடுவதில் பயனில்லை. அ-வை ஒரே செறிவில் நிறுத்தி, ஆ-வின் வளைவு நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முரண் தெரிந்தால் காரணம் பிரிக்க இன்னொரு தட்டு வேண்டும். வைரஸில் அ-வை 30 நிமிடம் முன்னதாகவும், பிறகு ஆ-வை முன்னதாகவும், கடைசியில் இரண்டையும் ஒன்றாகவும் சேர்த்துப் பாருங்கள். வரிசை மாறினால் முடிவும் மாறுகிறது என்றால் முதலில் போனது இடத்தைப் பூட்டுகிறது. அடுத்து, முழு ஆன்டிபாடிக்குப் பதில் பப்பேயின் என்ற நொதியால் வெட்டிய ஃபேப் துண்டுகளை (பிடிக்கும் ஒற்றைக் கை மட்டும்) வைத்துச் செய்யுங்கள். முழு ஆன்டிபாடி ஏறத்தாழ 1,50,000 டால்டன், ஃபேப் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபேப்பில் முரண் மறைந்தால், பருமன் இடித்ததோ இரு கைகளாலும் பிடித்ததோதான் காரணம். மறையாவிட்டால் ஒட்டும் இடமே ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, அல்லது ஸ்பைக்கின் வடிவம் மாறியிருக்கிறது. ட்ரைமர் வைத்த போட்டி எலைசாவையும் ஆர்பிடி வைத்ததையும் பக்கத்தில் வைத்தால் அந்த இரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.