எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்: ஆம்ப் மாற்றும் முன் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்

ஸ்டாக்ஸ் என்ற ஜப்பானியக் கம்பெனியின் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் எஸ்ஆர்-எல்300-ஐ வாங்கிய புதிதில் இரண்டு மாதம் எனக்கு ஒரே குறைதான். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படுவது தோலின் சொரசொரப்போடு கேட்கிறது. பேஸ் தரும் இடப்பக்கத் தொப்பியில் விழும் அடி மட்டும் பக்கத்து வீட்டில் விழுவது போல இருக்கிறது. "எலக்ட்ரோஸ்டாட்டிக் என்றாலே பேஸ் கம்மிதான், நல்ல ஆம்ப் போட்டால் சரியாகிவிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் ஹெட்போனைப் போல இரண்டு மடங்கு விலையில் ஓர் ஆம்ப்பைப் பார்த்து வைத்துவிட்டேன். ஒரு ராத்திரி கண் எரிகிறதே என்று மூக்குக் கண்ணாடியை மட்டும் உருவி மேசையில் வைத்தேன். அந்த நொடியே தொப்பி வீட்டுக்குள் வந்துவிட்டது.

கண்ணாடிக் காம்பு காதைச் சுற்றி உட்காரும் மெத்தையை, அதாவது பேடை, தூக்கிப் பிடித்ததில் உண்டான இடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் வழியாகத்தான் இரண்டு மாத பேஸும் ஓடிப்போயிருக்கிறது. இந்த வகை ஹெட்போனில் சௌகரியம் தனி, சத்தம் தனி என்று கிடையாது. தலையில் சரியாக உட்காராத ஹெட்போனுக்கு ஆம்ப் மேல் ஆம்ப் மாற்றிக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு, நானே செய்யவிருந்த தவறும் அதுதான்.

ஏன் அப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1960-ல் ஸ்டாக்ஸ் கொண்டுவந்த எஸ்ஆர்-1 முதல் இன்று வரை அடிப்படை ஒன்றுதான். ஒன்றிரண்டு மைக்ரான் பருமனில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதில் ஆம்ப் கொடுக்கும் நிலையான ஒரு மின்னேற்றம், இருபுறமும் துளையிட்ட தகடுகள். பாட்டு நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து அந்தத் தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு இழுக்க, இன்னொன்று தள்ள, சவ்வு முழுப் பரப்போடும் ஆடும். ஆனால் அது ஆடுகிற தூரம் மிகக் கொஞ்சம். பெரிய ஸ்பீக்கர் கோன் போல அடித்துத் தள்ளி இழப்பை ஈடுகட்ட இடமில்லை. பேடுக்கும் உங்கள் கன்னத்துக்கும் நடுவே அடைபட்ட காற்றுதான் பேஸைக் காதுக்குக் கொண்டுவருகிறது. அது கசிந்தால் முதலில் போவது அடிச்சுருதி.

சோதித்துப் பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு கப்புகளையும் உள்ளங்கையால் மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது. அழுத்தும்போது பாலிதீன் பையைக் கசக்கியது போல ஒரு சின்ன முறுக்கொலி வரலாம். சவ்வு கிழிந்துவிட்டதோ என்று பலர் பயந்து திருப்பி அனுப்பியே விடுகிறார்கள். அடைபட்ட காற்று சவ்வைத் தகட்டோடு ஒட்டவைத்து விடுவிக்கும் ஒலி அது. பெரும்பாலும் பேட் நன்றாக அடைத்திருக்கிறது என்பதன் அடையாளமே தவிர கோளாறு இல்லை.

சௌகரியத்துக்காக நாம் செய்கிற சில்லறை மாற்றங்களும் இந்த இடத்தில்தான் உதைக்கும். வியர்க்கிறதே என்று தோல் பேடைக் கழற்றிவிட்டுத் துணி பேட் போடுவது அதில் ஒன்று. நம் ஊர் வெயிலில் இந்த ஆசை வராவிட்டால்தான் அதிசயம். துணி காற்றை விடும், கூடவே பேஸையும் விடும். அதற்குப் பதில், முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்து, உலர்ந்த மெல்லிய துணியால் பேடை ஒற்றி எடுங்கள். தடிமனான மெமரி ஃபோம் பேடும் அப்படித்தான். காதுக்கும் சவ்வுக்கும் உள்ள தூரம் கூடினால் குரலின் நிறமே மாறிவிடும். அது பிடித்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள், சரி. ஆனால் அதற்கப்புறம் நீங்கள் கேட்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஹெட்போன் அல்ல.

இறுக்கமாக இருக்கிறது என்று ராத்திரி முழுக்க புத்தக அடுக்கின்மேல் விரித்து வைப்பார்களே, சாதாரண ஹெட்போனுக்கு அது பரவாயில்லை. எல்300, எல்500, எல்700 என்று வரும் லாம்டா வரிசை நீள்சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், பிடிப்பும் இயல்பிலேயே லேசு. அதைத் தளர்த்தினால் தாடைப் பக்கம் பேட் தூக்கிக்கொள்ளும். கை வைக்க வேண்டியது பட்டையின் உயரத்தில். உச்சந்தலையில் வலி என்றால் பட்டையை ஒரு படி உயர்த்தி, பாரம் கொஞ்சம் பேட் மேலும் விழும்படி செய்தாலே பாதி சரியாகும்.

பேடுக்கும் ஆயுள் உண்டு. லாம்டாவின் பேட் ஏற்கெனவே மெல்லியது. சில வருடங்களில் அமுங்கிப்போய், காது மடல் உள்ளே இருக்கும் தூசித் திரையில் உரச ஆரம்பிக்கும். உரசினால் அரை மணி நேரத்தில் மடல் நோகும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில்தான் பேட் நிற்கிறது. மாற்றும்போது கத்தியை உள்ளே விட்டு நெம்பாதீர்கள். ஒரு மூலையிலிருந்து விரலால் நிதானமாக உரியுங்கள், பழைய பசையை மிச்சமில்லாமல் எடுங்கள். பசைத் துணுக்கோ தலைமுடியோ உள்ளே போனால் அப்புறம் வரும் சிடுசிடுப்பை எந்த ஆம்ப்பும் தீர்க்காது. எஸ்ஆர்-007 வைத்திருப்பவர்களுக்கு வேறு விஷயம்: அதன் பேட் வட்டமாகச் சுழலும், தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும். துடைக்கும்போது தெரியாமல் திருப்பிவிட்டு "இதன் குரல் மங்கிவிட்டது" என்று புலம்பியவரை எனக்குத் தெரியும்.

எடையைப் பார்க்கும்போது கேபிளையும் சேர்த்துப் பாருங்கள். எல்300 தனியாக ஏறக்குறைய 320 கிராம், கேபிளோடு 450-ஐ நெருங்கும். அந்த நாடா போன்ற அகலமான கேபிள் அலங்காரத்துக்கு இல்லை. கம்பிகளை விலக்கி வைத்து மின்தேக்கத்தைக் குறைக்கத்தான் அந்த வடிவம். அதனால் மெல்லிய துணிக் கேபிளாக மாற்றித்தரச் சொல்லி மெக்கானிக்கிடம் போகாதீர்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பி அது, கழுத்தைச் சுற்றி வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இனி ஆம்ப். முதல் குழப்பமே வாட் கணக்கில் வருகிறது. "என் ஆம்ப் 3 வாட், போதுமா?" என்ற கேள்விக்கு இங்கே அர்த்தமே இல்லை. சாதாரண ஹெட்போன் 32 ஓம், 300 ஓம் என்று இருக்கும். எலக்ட்ரோஸ்டாட்டிக்கோ ஒரு சின்ன கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி. எஸ்ஆர்-009-ஐ எடுத்துக்கொண்டால் 110 பிகோஃபாரட், அதாவது 10 கிலோஹெர்ட்ஸில் 1,45,000 ஓம். வேண்டியது வோல்ட். சாதாரண ஹெட்போன் ஆம்ப்பில் அது வராது, ப்ளக்கும் சேராது.

வோல்ட்தான் என்று தெரிந்ததும் அடுத்த தவறு பிறக்கிறது: எண் பெரிதாக இருந்தால் நல்லது என்பது. ஸ்டாக்ஸின் சின்ன ஆம்ப் எஸ்ஆர்எம்-252எஸ் அதிகபட்சம் 280 வோல்ட் தரும், எஸ்ஆர்எம்-353எக்ஸ் 400 தரும். கேட்க மலைக்கும் மடுவுக்கும் போலிருக்கிறது. டெசிபலில் போட்டால் வித்தியாசம் 3 மட்டுமே, வால்யூம் குமிழை ஒரு நூல் திருப்பும் அளவு. எல்300-க்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபல் வரும் என்பது கம்பெனியின் கணக்கு. நீங்கள் சராசரி 80 டெசிபலில் கேட்கிறீர்கள், தனியாவர்த்தனத்தில் உச்சம் அதற்கு மேல் இன்னொரு 20 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உச்சத்துக்குக்கூட 100 வோல்ட்டை ஒட்டித்தான் தேவை. 280-ல் இன்னும் 9 டெசிபல் மிச்சம் கிடக்கிறது.

அப்படியானால் பெரிய ஆம்ப் எல்லாம் ஏமாற்றா என்றால், இல்லை. கெப்பாசிட்டர் என்பதால் சுருதி ஏற ஏற அது கேட்கும் மின்னோட்டமும் ஏறும். 10 கிலோஹெர்ட்ஸில் 1,45,000 ஓமாக இருந்தது 20-ல் பாதியாகிவிடும். நீட்டிப்புக் கேபிள் போட்டால் அதன் பங்கும் சேரும். சத்தமாகக் கேட்பவர்கள், எஸ்ஆர்-007 போல அதிக வோல்ட் கேட்கும் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் சின்ன ஆம்ப்பின் மூச்சுத் திணறலைக் கேட்கலாம். என் கருத்து இது: லாம்டாவின் கீழ்ப்படியில் இருக்கும்போது 252எஸ் அல்லது 353எக்ஸ் அளவு போதும். மிச்சக் காசை நல்ல பேடுக்கும், பின்னாளில் மேலான ஹெட்போனுக்கும் வையுங்கள். இரண்டு ஆம்ப்புகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமன் செய்யாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அரை டெசிபல் கூட இருப்பது எப்போதும் 'உயிரோட்டமாக'க் கேட்கும்.

ப்ளக் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பழைய ஸ்டாக்ஸில் 6 பின், சவ்வில் மின்னேற்றத்தை நிறுத்தும் வோல்ட், அதாவது பயாஸ், 230. பின்னால் வந்த 'ப்ரோ' வகையில் 5 பின், 580 வோல்ட். 6 பின் ப்ளக் 5 துளை சாக்கெட்டில் போகாது, போகக்கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நடுப் பின்னை வெட்டிவிட்டால் நுழைந்துவிடும் என்று யோசனை சொல்பவர் எங்கும் உண்டு. கேட்காதீர்கள், 230-க்கு அமைத்த சவ்வு 580-ல் தகட்டில் போய் ஒட்டும். மறுபக்கம், 5 பின் ப்ளக் பழைய 6 துளையில் நுழைந்து பாடவும் செய்யும், ஆனால் பசியோடு பாடுவது போல நோஞ்சானாக. பழைய ஆம்ப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு "எல்700 இவ்வளவுதானா" என்று விற்றுவிடாதீர்கள். மற்ற கம்பெனிகளில், காஸ் ஈஎஸ்பி/95எக்ஸ்-க்கு பயாஸ் 600 வோல்ட், ப்ளக்கும் வேறு. வார்விக்கின் சொனோமா மாடல் ஒன் 1,350 வோல்ட், அதன் ஆம்ப்பைத் தவிர வேறெதிலும் மாட்ட முடியாது. வாங்கும்போதே, பின்னால் ஆம்ப் மாற்றும் எண்ணம் உண்டா என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

ஜப்பானிலிருந்து பழைய ஆம்ப் வரவழைப்பவர்களுக்கு ஒரு பத்தி தனியாக. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கும் இலங்கைக்கும் 230. நண்பர் ஒருவர் வந்த பார்சலைப் பிரித்த வேகத்தில், பின்னால் ஒட்டியிருந்த ஜப்பானிய எழுத்தைப் பார்க்காமல், கன்வர்ஷன் ப்ளக் போட்டுச் செருகினார். ஃபியூஸ் போனது, அது அதிர்ஷ்டம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போட்டுக் கொடுத்தார், அது அதிர்ஷ்டமில்லை. டிரான்ஸ்பார்மரின் வார்னிஷ் கருகிய வாசனை அந்த அறையில் ஒரு வாரம் இருந்தது.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினாலும் கவனம் தேவை. நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 110 வோல்ட். 100-க்குச் செய்த ஆம்ப்புக்கு அது 10 சதவீதம் அதிகம். இந்த ஆம்ப்புகள் பெரும்பாலும் கிளாஸ் ஏ, பாடினாலும் பாடாவிட்டாலும் கொதித்துக்கொண்டே இருப்பவை, இன்னும் கொதிக்கும். 230-லிருந்து சரியாக 100 என்று சொல்லிச் சுற்றித்தரச் சொல்லுங்கள். 252எஸ்-க்கு இந்தத் தொல்லை இல்லை. அது வெளியே இருக்கும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. வோல்ட்டும் துருவமும் சரியாக இருக்கும் அடாப்டர் கிடைத்தால் வேலை முடிந்தது.

மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆம்ப்பே வேண்டாம், வீட்டில் இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப்போடு எஸ்ஆர்டி-7 மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியை இணைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. சிக்கனமான வழி, நன்றாகவே பாடும். இரண்டு இடத்தில் சறுக்கும். பெட்டி இரண்டு சேனலின் மைனஸையும் உள்ளே ஒன்றாக இணைத்திருந்தால், பிரிட்ஜ் முறையில், அதாவது மைனஸ் முனையிலும் சிக்னலோடு ஓடும் சின்ன டிஜிட்டல் ஆம்ப்புகள் ஷார்ட் ஆகிப் போகும். இன்னொன்று, 8 ஓமுக்கு 100 வாட் தரும் ஆம்ப் என்றால் அதன் வாயில் 28 வோல்ட். பெட்டி அதை இருபது மடங்கு ஏற்றினாலே 560. குமிழை பூஜ்யத்தில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் குமிழைத் திருகாத இடத்தில் ஆம்ப்பை வைப்பது அதைவிட முக்கியம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி மழையில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே சவ்வு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஈரத்தில் மின்னேற்றம் மெல்லக் கசியும். உலர்ந்த அறையில், ஆம்ப்பில் செருகி, பாட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பல நேரம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். என் வீட்டில் அந்த உலர்ந்த அறை என்பது ஏசி ஓடும் ஒரே அறை. இது முழுக்கத் திறந்த ஹெட்போன், மின்விசிறி சுற்றினால் தம்புராவுக்கு மேல் அதன் சத்தம்தான் கேட்கும், விசிறியை நிறுத்தினால் பேடில் வியர்வை. ஆகவே ஆம்ப்புக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் பழைய ஏசியை மாற்றி, சத்தமில்லாத ஒன்றைப் போட்டேன். ஆம்ப்பாக என்னிடம் இருந்த 252எஸ்-தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.